சுருங்கிய தசையை நீட்டுவது யார்?

தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: சுருங்குவது. அதற்குத் தள்ளத் தெரியாது. சுருங்கியபின் தன் பலத்தில் பழைய நீளத்துக்குத் திரும்பவும் தெரியாது. நம் மேற்கையின் முன்புறத் தசை சுருங்கி முழங்கையை மடக்குகிறது. பின்புறத் தசை சுருங்கிக் கையை விரிக்கும்போதுதான் முன்புறத் தசை மறுபடி நீள்கிறது. இரண்டுக்கும் நடுவே எலும்பு நின்று ஒன்றின் இழுப்பை மற்றொன்றிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நண்டுக்கும் இறாலுக்கும் மேலோடு அதே வேலையைச் செய்கிறது. எலும்பும் இல்லை, ஓடும் இல்லை என்றால் என்ன ஆகும்? கடல் விலங்குகளில் பெருங்கூட்டம் அப்படிப்பட்டதுதான். புழுக்கள், கடல் சாமந்தி, சொறி மீன், பேய்க்கணவாய், கடல் அட்டை என்று பட்டியல் நீளும். இவை ஊர்கின்றன, சேற்றைத் துளைக்கின்றன, நீந்துகின்றன, இரையைத் தாவிப் பிடிக்கின்றன. இவற்றின் உடலில் சுருங்கிய தசையை மறுபடி நீட்டிவிடுவது யார்? ஒவ்வொரு விலங்கிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டால் ஒவ்வொரு விடை கிடைக்கிறது. அந்த விடைகளே அவற்றின் உடலமைப்பு.

புழுவின் விடை தண்ணீர். தண்ணீரை எவ்வளவு அழுத்தினாலும் அதன் கன அளவு குறைவதாகச் சொல்ல முடியாது. கடையில் விற்கும் தண்ணீர் பாக்கெட்டை ஒரு முனையில் பிடித்து அமுக்கினால் மறுமுனை புடைத்துக்கொள்கிறது அல்லவா, புழுவின் உடலில் நடப்பதும் அதுதான். உடற்சுவரில் தசை இரண்டு அடுக்காக இருக்கிறது. வெளியடுக்கு உடலைச் சுற்றி வளையமாக ஓடும் வட்டத் தசை. உள்ளடுக்கு தலையிலிருந்து வால்வரை ஓடும் நெடுக்குத் தசை. உள்ளே நீர் நிரம்பிய உடற்குழி. வட்டத் தசை சுருங்கினால் உடல் ஒடுங்குகிறது. உள்ளிருக்கும் நீருக்கு வேறு போக்கிடம் இல்லாததால் உடல் நீள்கிறது, கூடவே நெடுக்குத் தசையும் இழுபடுகிறது. நெடுக்குத் தசை சுருங்கும்போது உடல் குட்டையாகிப் பருத்து வட்டத் தசையை விரிக்கிறது. எலும்பு செய்த தரகு வேலையை இங்கே நீர் செய்கிறது. விலங்கியலாளர்கள் இதை நீர்ச்சட்டகம் என்கிறார்கள்.

இதில் ஒரு கணக்கு உண்டு. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள உருளையின் விட்டத்தைப் பத்து சதவீதம் குறைத்தால், கன அளவு மாறாதவரை நீளம் சுமார் 23 சதவீதம் கூடும். விட்டத்தைக் கால் பங்கு குறைத்தால் நீளம் முக்கால் பங்குக்கும் மேலே கூடிவிடும். தசை கொஞ்சம் சுருங்கினால் போதும், உடல் நிறைய நீளும். எலும்புள்ள விலங்கு நெம்புகோலால் பெறும் ஆதாயத்தை மென்னுடல் விலங்கு இந்த வடிவக் கணக்கால் பெறுகிறது. கணவாயிடம் வரும்போது இது எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும்.

ஐரோப்பியக் கடற்கரைகளின் சேற்று மணலில் அரெனிக்கோலா என்ற புழு வாழ்கிறது. வற்றுக் காலத்தில் மணலின் மேல் சுருள் சுருளாகக் கிடக்கும் எச்சத்தை வைத்து அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தூண்டிலுக்குத் தோண்டி எடுப்பார்கள். 1947-இல் சாப்மன், நியூவெல் என்ற இருவர் இந்தப் புழுவின் உடல் நீருக்கும் அது மண்ணைத் துளைப்பதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். தசையும் நரம்பும் அப்படியே இருக்க, உடற்குழியின் நீரை வெளியே எடுத்துவிட்டால் புழுவின் தோண்டும் திறன் குன்றிவிடுகிறது. தசை சுருங்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தச் சுருக்கம் எங்கும் போய்ச் சேருவதில்லை.

அரெனிக்கோலா தோண்டும் விதத்தைச் சற்று நின்று பார்க்கலாம். முதலில் வாயின் முன்பகுதியை உள்ளிருந்து வெளியே பிதுக்கி மணலை விலக்குகிறது. அந்த நேரத்தில் உடலின் நடுப்பகுதி புடைத்து வளையின் சுவரைப் பற்றிக்கொள்ளாவிட்டால் புழுதான் பின்னால் தள்ளப்படும். பிறகு தலைப்பகுதி புடைத்துப் பற்றிக்கொள்கிறது, பின்னுடல் முன்னால் இழுக்கப்படுகிறது. ஓரிடத்தில் பிடிமானம், ஓரிடத்தில் முன்னேற்றம் என்று மாறி மாறி நடக்கும் இந்த வேலைக்கு ஒரே நீர்க்குழிதான் அழுத்தம் தருகிறது.

இதற்கு அடுத்த கட்டம் 2005-இல் தெரிய வந்தது. புழு மண்ணைத் தோண்டி ஒதுக்குகிறது, அல்லது தின்று வழி செய்கிறது என்றுதான் அதுவரை பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். கெல்லி டோர்கனும் அவருடைய குழுவினரும் நெரெய்ஸ் என்ற கடற்புழுவைக் கடல்நீரில் கரைத்து உறைய வைத்த ஜெலட்டினுக்குள் விட்டார்கள். கடலடிச் சேறு விறைப்பில் ஏறத்தாழ ஜெலட்டினைப் போன்றது, ஆனால் சேற்றுக்குள் பார்க்க முடியாது, ஜெலட்டினுக்குள் பார்க்கலாம். முனைவாக்கிய ஒளியைப் பாய்ச்சினால் எந்த இடத்தில் இறுக்கம் அதிகம் என்பதும் ஒளிர்ந்து தெரியும். புழு தோண்டவே இல்லை. தொண்டையைப் பிதுக்கி ஆப்பு வைப்பதுபோல் அழுத்தியதும் அதன் முனைக்கு முன்னால் ஒரு விரிசல் ஓடியது. புழு அந்த விரிசலுக்குள் நழுவிப் போனது. சேற்றைக் கிளறுவதைவிட அதைப் பிளப்பதற்குக் குறைந்த விசை போதும். கடலடியில் கோடிக்கணக்கான புழுக்கள் இப்படித்தான் வழி செய்துகொள்கின்றன என்றால், சேற்றைப் பற்றிய நம் பாடப்புத்தகப் படமே கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது.

நீரும் தசையும் மட்டும் இருந்தால் புழு வேண்டாத இடத்தில் புடைத்து வெடித்துவிடும். அதைத் தடுப்பது தோலுக்கு அடியில் ஓடும் கொலாஜன் நார்கள். இவை நேர் வளையங்களாகவோ நேர்க்கோடுகளாகவோ ஓடுவதில்லை. வலஞ்சுழியாக ஒரு கூட்டம், இடஞ்சுழியாக ஒரு கூட்டம் எனத் திருகலாக உடலைச் சுற்றி, ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. நார் தானே நீளாது, ஆனால் அதன் கோணம் மாறும். கிளார்க், கௌவி என்ற இருவர் 1958-இல் நெமெர்ட்டீன் என்ற கடற்புழுக்களை வைத்து இதன் வடிவியலைக் கணக்கிட்டார்கள். திருகல் நார் உடலின் நீள அச்சோடு 54 பாகை 44 கலைக் கோணத்தில் இருக்கும்போது உருளை அதிகபட்ச கன அளவைக் கொள்ளும். கோணம் அதைவிடக் குறைந்தாலும் கூடினாலும் கொள்ளளவு குறைகிறது. உண்மையான புழுவின் கன அளவு அந்த உச்சத்துக்குக் கீழே இருந்தால், நடுத்தர நீளத்தில் அது தட்டையாகக் கிடக்கும். முழுக்க நீளும்போதும் முழுக்கச் சுருங்கும்போதும் குறுக்குவெட்டு வட்டமாகிவிடும். வட்டமானபின் அதற்கு மேல் நீளவோ குறுகவோ இடமில்லை. எத்தனை தட்டையோ அத்தனை நெகிழ்வு. ஒரு புழுவின் அசைவுக்கு எல்லை எங்கே என்பதை அதன் தோல் நாரின் கோணத்திலிருந்து தாளில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்பது, உயிரியலில் அடிக்கடி கிடைக்காத துல்லியம்.

கிளார்க் அங்கேயே நிற்கவில்லை. உடற்குழி தோன்றியதே துளைப்பதற்காகத்தான், குழியைத் தடுப்புச் சுவர்களால் கண்டம் கண்டமாகப் பிரித்ததும் ஓரிடத்து அழுத்தம் மற்றோரிடத்துக்குப் போகாமல் காக்கத்தான் என்று 1964-இல் ஒரு புத்தகமே எழுதினார். பரிணாம வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் நடந்ததா என்பது வேறு விவாதம். மண்புழுவின் கண்டங்கள் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

கடல் சாமந்தியும் நீர்ச்சட்டகம் கொண்டதுதான், ஆனால் அது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாழும் விலங்கு. அதன் உள்ளறைக்கு வாய் ஒன்றே வழி. தொண்டையின் ஓரத்தில் உள்ள பள்ளத்தில் குறு இழைகள் துடித்துக் கடல்நீரை உள்ளே அனுப்புகின்றன. கேம்பிரிட்ஜில் பாத்தமும் பான்டினும் 1950-இல் மெட்ரிடியம் என்ற சாமந்தியின் உள்ளழுத்தத்தை அளந்தபோது அது சாதாரணமாகச் சில மில்லிமீட்டர் நீர் உயரத்துக்குச் சமமாகத்தான் இருந்தது. இவ்வளவு சொற்பமான அழுத்தத்தில் ஒரு தடித்த உடல் நிமிர்ந்து நிற்கிறது. ஆபத்து வந்தால் தசைகள் சட்டென்று சுருங்கி நீரையெல்லாம் வாய் வழியே வெளியேற்றிவிடும். அப்போது சாமந்தி ஒரு சதைக் குமிழாக ஒட்டிக் கிடக்கும். திரும்ப நிமிர்வதற்குக் குறு இழைகளை நம்ப வேண்டும், அதற்கு வெகுநேரம் பிடிக்கும். சுருங்க நொடி, விரிய மணிக்கணக்கு.

அந்தச் சின்ன அழுத்தம் எப்படிப் போதுமாகிறது? தோலுக்கும் உள்ளடுக்குக்கும் இடையே மீசோகிளியா என்ற கூழ்ச்சுவர் இருக்கிறது. மெக்னீல் அலெக்சாண்டர் (பிற்காலத்தில் கால்தடங்களை வைத்து டைனோசர்களின் வேகத்தைக் கணக்கிட்டவர் இவர்தான்) 1962-இல் இந்தச் சுவரிலிருந்து ஒரு பட்டையை வெட்டி எடுத்து, சிறு எடையைக் கட்டித் தொங்கவிட்டார். முதல் சில நொடிகளில் அது அதிகம் நீளவில்லை. மணிக்கணக்கில் விட்டபோது மெல்ல மெல்ல இழுபட்டு மூன்று மடங்கு அளவுக்கு நீண்டது. எடையை எடுத்தபின் அதே நிதானத்தில் திரும்பியது. கடல் அலை நொடிக்கணக்கில் வந்து போகும் விசை. அதற்கு இந்தச் சுவர் விறைப்பாக நிற்கிறது. உள்ளிருக்கும் மெல்லிய அழுத்தம் நாள் முழுக்க இருக்கும் விசை. அதற்கு இணங்கி விரிகிறது. ஒரே பொருள், அவசரக்காரனுக்குக் கடினம், பொறுமைசாலிக்கு மென்மை. மென்மை என்பது பொருளின் குணம் மட்டுமல்ல, எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதையும் பொறுத்தது என்று இந்தச் சோதனை காட்டிவிட்டது.

சொறி மீனிடம் வந்தால் நமது கேள்விக்கு வேறு விடை. குடையின் அடிப்பரப்பில் வட்டத் தசை இருக்கிறது, அதுவும் ஒரே ஒரு செல் கனத்தில். அது சுருங்கிக் குடையை மூடுகிறது. குடையைத் திறக்கத் தசையே கிடையாது. மூடும்போது கூழ் நசுங்குகிறது, கூழுக்குள் ஓடும் மெல்லிழைகள் இழுபடுகின்றன. தசை விட்டதும் கூழ் தன் மீள்தன்மையால் பழைய வடிவத்துக்கு வருகிறது. உடலில் 95 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் என்று அலட்சியமாகச் சொல்லப்படும் அந்தக் கூழ்தான் இங்கே எதிர்த்தசை.

எப்போது மூட வேண்டும் என்ற கட்டளை குடையின் விளிம்பிலிருந்து வருகிறது. டார்வினின் இளம் நண்பரான ஜார்ஜ் ரோமானெஸ் 1870-களில் சொறி மீன்களின் விளிம்பை வெட்டி எடுத்துப் பார்த்தார். குடை துடிப்பதை நிறுத்தியது, வெட்டி எடுத்த விளிம்பு தனியே துடித்துக்கொண்டிருந்தது. நிலாச் சொறி எனத்தக்க அவுரெலியாவில் இத்தகைய துடிப்பு மையங்கள் பொதுவாக எட்டு. எது முந்திக்கொள்கிறதோ அதன் கட்டளைக்குக் குடை முழுவதும் கீழ்ப்படிகிறது. மூளை இல்லை, தலைவன் இல்லை, ஆனாலும் குழப்பமும் இல்லை.

தசை ஒரு செல் கனம்தான் என்பதால் பலத்துக்கு வரம்பு உண்டு. சின்னச் சொறி மீன்கள் மணி வடிவத்தில் இருந்து நீரைப் பீய்ச்சி நகர்கின்றன. உடல் பெரிதாகும்போது உள்ளிருக்கும் நீரின் எடை கனமடங்காகக் கூடுகிறது, விளிம்புத் தசையோ அந்த வேகத்தில் கூடாது. ஆகையால் பெரிய இனங்கள் தட்டையான குடையாகி, விளிம்பால் துடுப்புப் போட்டு நகர்கின்றன. இதில்தான் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. குடை மூடும்போது ஒரு நீர்ச்சுழல் வளையம் பின்னால் உருவாகிறது. திறக்கும்போது எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு வளையம் குடைக்கு அடியில் உருவாகி, குடையைக் கீழிருந்து தள்ளுகிறது. 2013-இல் ஜெம்மெல் குழுவினர் அவுரெலியாவை அளந்தபோது, தசை வேலை முடிந்தபின் கிடைக்கும் இந்த இலவசத் தள்ளலால் ஒவ்வொரு துடிப்பிலும் அது 30 சதவீதம் கூடுதல் தூரம் போவது தெரிந்தது. சொறி மீன் வேகமான நீச்சல்காரன் அல்ல. ஆனால் செலவழிக்கும் ஆற்றலுக்கு நகரும் தூரத்தைக் கணக்கிட்டால் மீன்களே அதற்குப் பின்னால்தான் நிற்கின்றன.

அந்த மெல்லிய தசையின் பலவீனத்தைக் கல்பாக்கத்தில் பார்க்கலாம். அங்குள்ள அணுமின் நிலையம் குளிர்விப்பதற்குக் கடல்நீரை உறிஞ்சுகிறது. சொறி மீன் கூட்டம் வரும் காலங்களில் அவை உறிஞ்சு நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாமல் வடிகட்டித் திரைகளில் வந்து அடைத்துக்கொள்கின்றன. சிக்கனமாக நகரத் தெரிந்த உடலுக்கு, அவசரமாகத் தப்பத் தெரியவில்லை.

தப்பத் தெரிந்த உடல் கணவாயுடையது. ஊசிக் கணவாயின் குழல் போன்ற உடலைச் சுத்தம் செய்யும்போது கையில் வரும் வெள்ளைச் சதைதான் மேன்டில் எனும் போர்வைச் சுவர். இதில் பெரும்பகுதி வட்டத் தசை. காய்ந்த கணவாயைக் கிழித்துப் பாருங்கள், நீளவாக்கில் கிழிய மறுக்கும், குறுக்காக இழை இழையாக வந்துவிடும். தசை நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி தேவையில்லை. வட்டத் தசை சுருங்கும்போது உள்ளிருக்கும் நீர் கழுத்தடிக் குழல் வழியே பீறிட்டு, கணவாய் எதிர்த்திசையில் பாய்கிறது. புழுவின் கணக்குப்படி, வட்டத் தசை சுருங்கினால் உடல் நீள வேண்டும். நீண்டால் விசை அதில் வீணாகும். நீளாமல் தடுப்பது சுவரின் உள்ளும் புறமும் உள்ள கொலாஜன் உறை. அதன் நார்கள் நீள அச்சோடு சுமார் 27 பாகைக் கோணத்தில்தான் ஓடுகின்றன. 54-க்கு மிகக் கீழே இருப்பதால் அவை நீட்சிக்கு இடம் கொடுப்பதில்லை. நீள முடியாத சுவர் தடிக்கிறது. தடித்த சுவரைக் குறுக்கே ஓடும் குட்டைத் தசைகளும், இழுபட்டு நிற்கும் கொலாஜன் இழைகளும் சேர்ந்து மெலிய வைக்கின்றன. உடல் விரிந்து மறுபடி நீர் நிரம்புகிறது.

போர்வை முழுவதும் ஒரே கணத்தில் சுருங்கினால்தான் பாய்ச்சல் வலுவாக இருக்கும். கட்டளையோ ஓரிடத்திலிருந்து புறப்படுகிறது. பக்கத்துத் தசைக்கு முதலிலும் தூரத்துத் தசைக்குப் பிறகும் போய்ச் சேர்ந்தால் காரியம் கெட்டுவிடும். கணவாய் இதற்குக் கண்ட வழி, தூரம் போகும் நரம்பிழையைத் தடியாக வைத்திருப்பது. தடித்த இழையில் சைகை வேகமாக ஓடும். அவற்றில் மிகத் தடித்தவை அரை மில்லிமீட்டரையும் தாண்டும். ஜே. இசட். யங் 1936-இல் இவற்றை நரம்பிழைகள் என்று அடையாளம் காட்டினார். மின்முனையை உள்ளே செருகும் அளவுக்குப் பருமனான அந்த இழையில்தான் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புச் சைகையின் வேலைமுறையைக் கண்டறிந்து 1952-இல் வெளியிட்டார்கள். 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நரம்புகளைப் பற்றி நாம் அறிந்ததில் அடிப்படையான பங்கு, ஓர் எலும்பில்லாத விலங்கு தப்பி ஓடுவதற்காக வைத்திருந்த ஏற்பாட்டிலிருந்து வந்தது.

கணவாயின் இரை பிடிக்கும் நீண்ட உணர்கொம்புகளிலும் பேய்க்கணவாயின் எட்டுக் கைகளிலும் நீர்க்குழியே கிடையாது. முழுக்கத் தசை. நீர் எங்கே? தசைக்குள்ளேயே. தசைச் செல்லும் பெரும்பாலும் நீர்தான், அதன் கன அளவும் மாறாது. 1985-இல் வில்லியம் கியரும் கேத்லீன் ஸ்மித்தும் இத்தகைய உறுப்புகளைத் தசைநீர்ச்சட்டகம் என்று ஒரு வகையாக்கினார்கள். அவர்கள் தலைப்பிலேயே நாக்கு, உணர்கொம்பு, தும்பிக்கை மூன்றும் வரும். நம் வாயில் கிடக்கும் நாக்கும் யானையின் தும்பிக்கையும் பேய்க்கணவாயின் கையும் ஒரே இயந்திரக் கொள்கையில் ஓடுகின்றன. குறுக்குத் தசை சுருங்கினால் உறுப்பு மெலிந்து நீளும். நெடுக்குத் தசை சுருங்கினால் குறுகும். ஒரு பக்கத்து நெடுக்குத் தசை மட்டும் சுருங்கி, குறுக்குத் தசை பருக்க விடாமல் பிடித்துக்கொண்டால் வளையும். திருகலாக ஓடும் தசை முறுக்கிவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்கினால் விறைத்து நிற்கும். அதாவது, ஒரே தசை இந்தக் கணம் தசை, அடுத்த கணம் எலும்பு.

லோலிகோ இனக் கணவாய் தன் உணர்கொம்பை இரையின் மீது வீசுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் 20 முதல் 40 மில்லிநொடி. கண் இமைக்கும் நேரத்தில் சில முறை வீசிவிடலாம். விட்டம் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்க, நீளம் 70 சதவீதம் கூடுகிறது. மேலே போட்ட கணக்குத்தான். அந்த வேகத்துக்காகக் கொம்பின் குறுக்குத் தசையில் மட்டும் தசையிழையின் உள் அலகுகள் மிகக் குட்டையாக இருக்கின்றன. பக்கத்திலேயே உள்ள சாதாரணக் கைகளில் அப்படி இல்லை.

பேய்க்கணவாயின் தொல்லை வேகமல்ல, சுதந்திரம். நம் கைக்கு மூட்டுகள் எண்ணிக்கைக்குள் அடங்கும். அதன் கை எந்தப் புள்ளியிலும் வளையலாம், நீளலாம், முறுக்கிக்கொள்ளலாம். இத்தனை சாத்தியங்களையும் ஒரு மூளை கணக்குப் போட்டு நடத்த முடியாது. ஆகவே பொறுப்பு பிரிக்கப்பட்டிருக்கிறது. அதன் சுமார் 50 கோடி நரம்புச் செல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கின்றன. எருசலேமில் பின்யாமின் ஹோக்னரின் ஆய்வுக்கூடத்தில் ஹெர்மான் சும்ப்ரே முதலியோர் 2001-இல் காட்டியது இது: மூளையோடு தொடர்பை அறுத்துவிட்ட கையின் நரம்பைத் தூண்டினால், அந்தக் கை உயிருள்ள பேய்க்கணவாய் எட்டிப் பிடிப்பதைப் போலவே ஒரு வளைவை அடியிலிருந்து நுனிக்கு ஓட்டிக்கொண்டு நீள்கிறது. மூளை "நீட்டு" என்று சொன்னால் போதும், எப்படி நீட்டுவது என்பது கையின் பாடு.

இரையை வாய்க்குக் கொண்டுவரும்போது இன்னொரு விநோதம். எங்கும் வளையக்கூடிய அந்தக் கை, அப்போது மட்டும் நம் கையைப் போல மூன்று துண்டுகளாக மடிகிறது. 2006-இல் அதே குழு இதன் வழியைக் கண்டது. பிடித்த இடத்திலிருந்து ஒரு தசைச் சுருக்க அலையும் கையின் அடியிலிருந்து மற்றோர் அலையும் புறப்படுகின்றன. இரண்டும் மோதும் இடத்தில் தற்காலிக முழங்கை உருவாகிறது. இரை எந்த இடத்தில் மாட்டினாலும் கணக்கு தானே சரியாகிவிடும். எலும்பற்ற உடல் வேண்டும்போது மூட்டை உண்டாக்கிக்கொள்கிறது, வேலை முடிந்ததும் கலைத்துவிடுகிறது.

இதைப் பார்த்துப் பொறியாளர்கள் மென் எந்திரம் செய்யப் புறப்பட்டது இயல்புதான். 2016-இல் ஹார்வர்டில் 'ஆக்டோபாட்' என்ற எந்திரத்தைக் கடினப் பாகம் ஒன்றுகூட இல்லாமல் அச்சிட்டார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைந்து வரும் வாயு அதன் கைகளை மாற்றி மாற்றி உயர்த்தியது. அழகான வேலை, ஆனால் அது நகர்ந்து போகவில்லை. மென் எந்திரங்களைப் பற்றிய செய்திகளில் ஆரவாரம் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். பெரும்பாலானவற்றுக்குக் காற்றழுத்தி உடலுக்கு வெளியே மேசை மேல் இருக்கிறது. தசையை மறுபடி நீட்டும் பொறுப்பை உடலுக்குள்ளேயே வைப்பதுதான் கடினம்.

கடைசியாகக் கடல் அட்டை. மேலே சொன்ன எந்தப் பெட்டியிலும் இது முழுசாக அடங்காது. அதற்கும் உடற்குழி நீர் உண்டு, வட்டத் தசையும் நெடுக்குத் தசையும் உண்டு, நீர்க்குழாய்களால் இயங்கும் குழாய்க் கால்களும் உண்டு. ஆனால் உடல் சுவரில் பெரும்பங்கு தசையல்ல, தடித்த தோல். கொலாஜன் நார்களும் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணுக்குகளும் நிறைந்த தோல். நம் தோலிலும் தசைநாணிலும் கொலாஜன் ஒருமுறை அமைந்தால் அமைந்ததுதான். கடல் அட்டையை உள்ளடக்கிய முட்தோலிகளின் கொலாஜனோ நரம்பின் கட்டளைப்படி இறுகவும் இளகவும் செய்யும். தொட்டால் சில நொடிகளில் தோல் பல மடங்கு விறைக்கிறது. வேறு விதமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் ஸ்டிகோபஸ் இனம் கையிலேயே குழைந்து வழியத் தொடங்கிவிடும்.

ஜப்பானின் தத்சுவோ மோதோகாவா இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர். யானையின் காலம், எலியின் காலம் என்று விலங்குகளின் உடலளவையும் வாழ்நாளையும் பற்றி 1992-இல் அவர் எழுதிய சிறு நூல் அந்நாட்டில் பெரும் விற்பனையானது. தோல் இறுகுவதற்குக் கால்சியம் நேரடிக் காரணம் என்று முதலில் ஓர் எண்ணம் இருந்தது. பின்னர் தோலிலுள்ள செல்களிலிருந்து வெளிவரும் புரதங்கள்தாம் கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைக்கின்றன என்பது தெளிவானது. வட அட்லாண்டிக்கின் கடல் அட்டை ஒன்றிலிருந்து அப்படிப் பிரித்தெடுத்த புரதத்துக்கு டென்சிலின் என்று பெயர் வைத்தார்கள். நார் நாரைப் பிடித்துக்கொண்டால் தோல் பலகை, விட்டுவிட்டால் களி. இந்தப் பிடிப்பின் சிறப்பு அதன் மலிவு. தசை ஒரு நிலையில் இறுகி நிற்க ஆற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்க வேண்டும். தோல் ஒருமுறை பூட்டிக்கொண்டால் மிகச் சொற்ப ஆக்சிஜனில் அப்படியே நிற்கும். கடலடி வண்டலைத் தின்று வாழும் ஏழை விலங்குக்கு இது பொருத்தமான ஏற்பாடு. 2008-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இந்தத் தோலைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் கலவை செய்தார்கள். மூளைக்குள் செருகும்போது விறைப்பாகவும், ஈரம் பட்டதும் மென்மையாகவும் மாறும் மின்முனைகளுக்கு அது உதவலாம் என்பது அவர்கள் திட்டம்.

நமது கடலில் மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் கடல் அட்டைகளுக்குப் பேர்போனவை. வெள்ளை அட்டையை வேகவைத்து, மணலில் புதைத்துச் சுண்ணாம்புத் துணுக்குள்ள மேல்தோலைத் தேய்த்தெடுத்து, காயவைத்துச் சீனச் சந்தைக்கு அனுப்பும் வணிகம் மிகப் பழையது. பிடித்த எடையில் பத்தில் ஒரு பங்குகூடக் காய்ந்த சரக்காக மிஞ்சாது. மிஞ்சுவது அந்தக் கொலாஜன்தான். மீனுக்கும் நண்டுக்கும் எதிராக அட்டைக்கு இருக்கும் தற்காப்பு, விறைத்துக்கொண்டு இடத்தைவிட்டு நகராமல் கிடப்பது. குடலையே வெளியே தள்ளிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும் இனங்களும் உண்டு. முங்கிப் பொறுக்குகிற கைக்கு எதிராக இதில் எதுவும் பயன்படாது. ஓடாத விலங்கைப் பிடிக்கத் திறமை வேண்டியதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் 1988-இலேயே வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்துக் காட்டினார்கள். ஆனால் கடலிலிருந்து எடுப்பதே எளிதாக இருந்தது. 2001-இல் இந்திய அரசு எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. இலங்கையின் வடபகுதியில் உரிமம் பெற்ற பண்ணைகளில் இதே விலங்கு வளர்க்கப்படுகிறது. நீரிணையின் ஒரு கரையில் குற்றம், மறுகரையில் தொழில் என்பதால் கடத்தலும் நிற்கவில்லை.

இந்தியக் கரையில் உயிருள்ள கடல் அட்டையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் தண்டனைக்குரியவை. மண்டபம் பக்கம் வற்று நேரத்தில் கடற்புல் நடுவே ஒன்று கண்ணில் பட்டால், கையில் எடுத்து விறைக்கிறதா என்று சோதிக்காமல், அருகே உட்கார்ந்து அது நகர்வதைப் பாருங்கள்.